உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்: முடக்குவாதத்தோடு மனத்தைப் பார்த்துக்கொள்ளும் வழி

போன மாதம் கல்யாணப் பிளவுசுக்கு அளவு கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கைச்சுற்று எடுப்பதற்காகக் கையை நீட்டச் சொன்னேன். இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கணுவில் புடைத்திருந்தன. அந்த இடத்துத் தோல் மட்டும் இழுத்துக் கட்டியதுபோல் மினுங்கியது. "காலையில் எழுந்தால் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டேன். அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். முடக்குவாதம் என்று தெரிந்து மூன்று மாதம் ஆகிறதாம். வளைந்துபோன என் சுண்டுவிரலை அவளுக்குக் காட்டினேன். "வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன் அக்கா. மனசுதான் நிற்கமாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படி இத்தனை வருஷம் ஓட்டினீர்கள்?" என்றாள்.

அன்றைக்குக் கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்த நோய் வந்தது 2013-இல், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். அப்போது வயது 34. மதுரை செல்லூரில் வீட்டின் முன்அறைதான் என் தையல் கடை. பண்டிகை வேலை அதிகம், அதனால் கை வலிக்கிறது என்று நினைத்தேன். சிக்குன்குனியா வந்து போன மிச்சமாக இருக்கும் என்றார் ஒருவர். நான்கு மாதம் கழித்து, ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் முடக்குவாதம் என்று உறுதியானது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்குகிற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. என்ன மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வார். மனத்தைப் பற்றி மட்டும், என் கைக்குப் பழகிய வழியில் நான் சொல்கிறேன். லூபஸ் போல இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு நோய் உள்ளவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

விடியற்காலை எண்ணங்களை நம்பாதீர்கள்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2015-இல் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். பாபினில் நூல் சுற்றக்கூட விரல் வரவில்லை. மெஷினை விற்றுத் தரச் சொல்லித் தெரிந்தவருக்குப் போனும் செய்துவிட்டேன். பதினொரு மணிக்குக் கை இளகியது. அன்று மதியத்துக்குள் நான்கு பிளவுஸ் வெட்டினேன். மாலையில் மெஷினைப் பார்க்க ஆள் வந்து நின்றபோது என்ன சொல்வது என்றே தெரியவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

வீக்கத்தை உண்டாக்கும் சைட்டோகைன் என்ற பொருள்கள் இந்த நோயில் பின்னிரவில்தான் ரத்தத்தில் ஏறுகின்றன. காலை விறைப்பு அதனால் வருகிறது. அவை மூட்டோடு நிற்பதில்லை, மூளையையும் தொடுகின்றன. காய்ச்சல் வந்த குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். சுருண்டு படுக்கும், யாரோடும் பேசாது, சோறு வேண்டாம் என்று தள்ளும், தொட்டதற்கெல்லாம் அழும். அந்தக் குழந்தையைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. நம் உடம்புக்குள் அதில் ஒரு பங்கு தினமும் நடக்கிறது. என் மருத்துவர் இதை விளக்கிய அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. அதுவரை என்னை நானே எத்தனை கடுமையாகப் பேசியிருக்கிறேன்!

அதனால் காலை நேரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்வது இது. விழித்ததும் எழுந்திருப்பதில்லை. போர்வைக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி, நீட்டி, பத்து முறை. மணிக்கட்டைச் சுழற்றுவது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. பிறகு, முன்னிரவே பிளாஸ்கில் ஊற்றி வைத்த வெந்நீரைப் பாத்திரத்தில் விளாவி, கை பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் இரண்டு கைகளையும் முக்கி வைக்கிறேன். அதுவரை போனைத் தொடுவதில்லை. பணம், பிள்ளைகள், கடை, உறவு ஆகியவற்றைப் பற்றி அந்த நேரத்தில் எழும் எந்த எண்ணத்துக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. மிகவும் அரித்தால் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் '11 மணி' என்று போட்டுவிடுகிறேன். பதினொரு மணிக்குப் பார்க்கும்போது பாதி எண்ணங்கள் வெளிறிப் போயிருக்கும். மீதி பாதி உண்மையான கவலைகள். அவற்றுக்கு அந்த நேரத்தில் வழி தெரியும்.

இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம்

பிளவுஸ் தைப்பவர்களுக்கு இது தெரியும். உடம்பின் அளவுக்கு ஒட்டி வெட்டித் தைத்தால், ஆறு மாதத்தில் உடம்பு சற்றுப் பூசினாலும் அது வீண். அதனால் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் ஓட்டுவோம். இறுக்கினால் ஒரு வரிசையைப் பிரித்தால் போதும். வெளியே பார்ப்பவருக்கு அந்தத் துணி இருப்பதே தெரியாது.

ஊராருக்கு இப்படித் தைத்துக் கொடுத்த நான், என் நாட்களை மட்டும் ஒட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு பிளவுஸ் முடியும் என்றால் ஆறு பேருக்கு வாக்குக் கொடுப்பேன். நோய் கிளம்பும் வாரத்தில் அத்தனை வாக்கும் சேர்ந்து கிழியும். வாசலில் சத்தம் கேட்கும். இரவு படுத்தால் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற ஒரே நினைப்பு. நோட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நான் அதிகம் அழுத நாட்கள் வலி அதிகமிருந்த நாட்கள் கிடையாது. வாக்குத் தவறிய நாட்கள்.

இப்போது ஆறு முடியும் நாளில் நான்குதான் ஏற்கிறேன். திங்கட்கிழமை முடியும் வேலைக்கு வியாழக்கிழமை என்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும் என்று விட்டேன். வருமானம் குறைந்தது உண்மை. முதல் ஆறு மாதம் மிகவும் நெருக்கடியாகவே இருந்தது. பிறகு, சொன்ன நாளில் கொடுக்கிற கடை என்று பேர் வந்து அந்தக் குறை பாதி ஆறியது.

நல்ல நாள் வரும்போதுதான் உண்மையான சோதனை. கை இலகுவாக இருக்கும், நிலுவை வேலை முழுவதையும் இன்றே முடித்துவிடலாம் என்று மனம் பரபரக்கும். முடிப்போம், அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்போம். நல்ல நாளிலும் நான்கோடு நிறுத்துங்கள். இதைப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது.

வேலைக்கு மட்டும் என்று இல்லை. அழகர் வைகையில் இறங்குவது விடியற்காலையில். செல்லூரில் இருந்துகொண்டு, நடந்து போகிற தூரத்தில் ஆறு இருந்தும், 2014-இல் என்னால் போக முடியவில்லை. வாத்தியச் சத்தம் கேட்கக் கேட்கக் கட்டிலில் கிடந்தேன். அந்தக் காலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. மறு வருடம் என் வீட்டுக்காரர்தான் சொன்னார், முந்தைய நாள், ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போகலாமே என்று. மாலையில் என் உடம்பு நன்றாகவே இருக்கும். அன்றிலிருந்து தல்லாகுளம் பக்கம் போய் அழகரைப் பார்த்துவிட்டு வருகிறோம். உங்களுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவதற்கு முன்னால், அதை வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று ஒரு முறை பாருங்கள்.

மருந்திலும் கையிருப்பு வேண்டும். 2020 மார்ச்சில், கொரோனாவுக்குப் பயன்படும் என்று பேச்சு கிளம்பியதும் நாங்கள் சாப்பிடும் ஹைட்ராக்சி குளோரோகுயின் கடைகளில் காணாமல் போனது. ஊரடங்கில் என் தம்பி ஏழு கடை ஏறி இறங்கி ஒரு அட்டை வாங்கி வந்தான். அந்த வாரத்தின் பயம் வலியைவிடப் பெரிது. இப்போது மருத்துவர் எழுதிய அளவுக்குள்ளேயே ஒரு மாத மருந்தை முன்கூட்டி வாங்கி, காலாவதி தேதி பார்த்து, தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது மாத முதல் வார வேலை.

மருந்தும் மனமும்

இந்த நோயை அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மருந்து. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கிழமையைத் தேர்ந்து, அட்டையின் மேல் பெரிதாக எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். என் கிழமை சனி. மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும், கூடவே ஒரு காரணமற்ற துக்கமும் வரும். தெரியாத காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் வாழ்க்கையையே நொந்துகொண்டேன். தெரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டுவிட்டேன். துக்கம் அப்போதும் வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரிவதால் அது திங்கட்கிழமை வரை நீள்வதில்லை. குமட்டல் மிகுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் போலிக் அமில மாத்திரையை எந்த நாளில் சாப்பிடுவது, மருந்தை ஊசியாக மாற்றலாமா என்று அவர் பார்ப்பார்.

நோய் கிளம்பும்போது கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கிளப்பும், சிலரை அழ வைக்கும். அந்த வாரங்களில் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "அம்மா இந்த மாத்திரையில் இருக்கிறேன், சத்தம் போட்டால் உன்மேல் கோபம் என்று நினைக்காதே." முகம் வீங்குகிறது என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இருக்கும்வரை உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் விழுந்துவிடுவீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சிவப்பு நூல் பாபின்

வீட்டில் இருப்பவர்கள் தினமும் "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் தினம் மூன்று பேருக்கு வலியை விவரிப்பது பெரிய பாரம். விவரிக்காவிட்டால் அவர்களுக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் இந்த நோய் வெளியே தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் பிரிட்ஜின் மேல் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் மூன்று பாபின்கள்: பச்சை நூல், மஞ்சள் நூல், சிவப்பு நூல். காலையில் அன்றைய நிலைக்கு ஏற்ற பாபினைக் கிண்ணத்துக்கு வெளியே எடுத்து வைக்கிறேன். பச்சை என்றால் வழக்கம்போல். மஞ்சள் என்றால் தேங்காய் துருவுவதும், துணி பிழிவதும், குக்கர் மூடியும் மற்றவர்கள் பொறுப்பு. சிவப்பு என்றால் சமையல் வீட்டுக்காரர், கடைக்கு விடுமுறை, என்னிடம் கேள்வி எதுவும் வேண்டாம். அத்தை முதலில் இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிவப்பு நாளில் அவரே வந்து என் தலையை வாரிவிட்டார்.

உதவி கேட்கும்போது வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "யாரும் எனக்கு ஒத்தாசை செய்வதில்லை" என்றால் சண்டை வரும். "இந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து லேசாக மூடி வைத்துவிட்டுப் போ" என்றால் வேலை நடக்கும்.

முடக்கத்தான் தோசை பற்றி

உறவினர் ஆலோசனை சொல்வார்கள். புளியை நிறுத்து, கத்தரிக்காயைத் தொடாதே, இந்தப் பொடி நாற்பது நாள் போதும். 2016-இல் நான் ஒருவர் சொன்ன பொடியை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் அற்புதமாக இருந்தது, ஊரெல்லாம் சொன்னேன். ஆறாவது வாரம் முழங்காலும் சேர்ந்து வீங்கி, பிள்ளையைப் பள்ளியில் விட ஆட்டோ ஏற முடியவில்லை. என் சுண்டுவிரல் வளைந்தது அந்த ஆண்டில்தான், பிறகு நிமிரவே இல்லை. இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. முதல் வாரங்களின் சுகம் அதனாலும் இருக்கலாம். முடக்கத்தான் கீரை தோசை எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் உண்டு, ருசிக்காகச் சாப்பிடுகிறோம். மருந்து மருந்துதான்.

ஆலோசனை சொல்பவரோடு வாதாடி உங்கள் பலத்தைச் செலவழிக்காதீர்கள். நான் சொல்வது ஒரே வாக்கியம்: "டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் சித்தி." பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இழந்ததற்கு அழலாம்

ஹெம்மிங், கொக்கி வைப்பது, கையால் காஜா எடுப்பது — என் கைவேலையைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் தையல் தெரியாது. 2017-இல் அதை விட்டேன். அடுத்த தெருப் பெண்ணுக்கு அந்த வேலையைக் கூலிக்குக் கொடுத்தேன். முதல் முறை அவள் முடித்துக் கொண்டுவந்த பிளவுசைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் வேலை நன்றாகத்தான் இருந்தது, அது என் கையாக இல்லை என்பதுதான் துக்கம்.

அந்த அழுகையை அடக்காதீர்கள். 'எத்தனையோ பேர் இதைவிடக் கஷ்டப்படுகிறார்கள்' என்று யார் சொன்னாலும் உங்கள் இழப்பு உங்களுடையது. அழுத பிறகு, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதில் இறங்குங்கள். நான் கால் மிதி மெஷினுக்கு மோட்டார் வைத்தேன். கத்தரியின் கைப்பிடிகளில் பழைய பனியன் துணியைச் சுற்றித் தடிமனாக்கினேன், விரல் கணுவில் அழுத்தம் பாதியாகக் குறைந்தது. வெட்டும் வேலை இன்றும் என் கையில்தான் இருக்கிறது. மகளுக்கு இரட்டைச் சடை பின்ன முடியாமல் போனபோது, எதிரெதிரே கண்ணாடி முன் உட்கார்ந்து, நான் வாயால் சொல்ல அவளே பின்னப் பழகினாள். ரிப்பன் முடிச்சை மட்டும் இறுக்காமல் நான் போடுவேன்.

நோட்டும் மருத்துவரும்

டெலிவரி நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண் எழுதுகிறேன்: வலிக்குப் பத்துக்கு எத்தனை, மனத்துக்குப் பத்துக்கு எத்தனை. ஒரு நிமிட வேலை. 2019-இல் வந்த கடுமையான வீக்கம் 23 நாள் நீடித்தது என்று அதில் இருக்கிறது. அடுத்து வீக்கம் வந்தபோது 'இது முடியவே முடியாது' என்று மனம் சொன்னது. நோட்டைத் திறந்து காட்டினேன். 23 நாளில் முடிந்திருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றியிருக்கும், நாம் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். வீங்கிய அன்றே காலையில் கையைப் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதில் ஒன்று மனத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லை, தூக்கமோ பசியோ கெட்டுவிட்டது, விடிந்தால் பயமாக இருக்கிறது என்றால், அதை இந்த வழிமுறைகளால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. எனக்கு 2018-இல் எட்டு மாதம் மனநல மருத்துவரின் சிகிச்சை நடந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். டெலி மனஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையிடம் நோயைப் பற்றி இப்போதே, தானே, நேரில் சொல்லிவிட வேண்டும். மற்றவர் வாயால் அவர் கேட்கும்படி ஆகக் கூடாது. இரண்டாவது, மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கேடு. குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்குப் பல வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி, வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதுவரை கருத்தடை கட்டாயம். கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, முடக்குவாதம் உள்ள எத்தனையோ பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

அவள் பிளவுஸ் இப்போது ஹேங்கரில் தொங்குகிறது. ஸ்டீராய்டில் உடம்பு பூசலாம் என்று இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், கையிலும் ஒரு அங்குலம். கொக்கியை அந்த விரல்களால் மாட்ட முடியாது, அதனால் பக்கவாட்டில் ஜிப் வைத்து, அதன் நுனியில் பிடித்து இழுக்க வசதியாக ஒரு குஞ்சம் கட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன், மாலை நான்கு மணிக்கு. அந்த நேரத்தில் இருவர் கையும் இளகியிருக்கும்.